கை மட்டும் தெரிந்தது

பீட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் வாசலில் தாத்தா காத்திருந்தார். பேத்தி உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அவள் படிக்கும் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால் வாரந்தோறும் இந்த நிலையத்திற்கு வருகிறாள். பாடம் முடிந்ததும் இருவரும் சிராங்கூன் சாலை வழியாகத் தேக்காவை நோக்கி நடப்பது வழக்கம்.

"பாடம் முடிந்ததா, அம்மா?"

"முடிந்தது, தாத்தா."

"பசிக்கிறதா?"

"கொஞ்சம்."

பெரும்பாலும் அவர்களுடைய பேச்சு அத்துடன் நின்றுவிடும். இருவருக்குமிடையே அன்புக்குக் குறைவில்லை. சொற்களுக்குத்தான் பஞ்சம். தாத்தா, தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1982இல் மூடப்பட்ட அந்தப் பள்ளியின் பெயரைத்தான் இன்று பேத்தி படிக்கும் நிலையம் தாங்கி நிற்கிறது. பேத்திக்கோ ஆங்கிலம்தான் சரளமாக வரும். வீட்டிலும் ஆங்கிலமே அதிகம் புழங்கியது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுகின்றனர். அந்தப் புள்ளிவிவரத்தைப் பேத்தி அறிந்திருக்கவில்லை. ஆனால், தாத்தாவிடம் ஏதாவது சொல்ல நினைத்துச் சொல் கிடைக்காமல் விட்டுவிட்ட நாள்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன.

அன்று அவளுடைய புத்தகப் பையில் ஒரு பரிசு இருந்தது. தேக்கா நிலையத்தில் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்ததும், அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள், தாத்தா."

உறையைப் பிரித்தவர், அட்டையில் இருந்த உருவத்தைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மாயாவி! இரும்புக்கை மாயாவி!" என்று அவர் உரக்கச் சொன்னதில் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாத்தா எப்போதோ ஒருமுறை, சிறுவயதில் தாம் விரும்பிப் படித்த படக்கதையைப் பற்றிச் சொல்லியிருந்தார். இரும்புக் கை கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான் என்பது மட்டும்தான் பேத்திக்குப் புரிந்தது. அதை வைத்துக்கொண்டே அவள் இணையத்தில் தேடினாள். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். இங்கிலாந்தின் ரெபெல்லியன் பதிப்பகம் 2021இல் வெளியிட்ட தொகுப்பு நூலை அந்தப் பணத்தில் வாங்கினாள்.

யார் இந்த மாயாவி? லண்டனில் வெளிவந்த 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் 1962ஆம் ஆண்டு தோன்றிய பாத்திரம் அது. கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டல், ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்த அவனுக்கு இரும்பாலான செயற்கைக் கை பொருத்தப்படுகிறது. பிறகு ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் அவன் உடலில் பலத்த மின்சாரம் பாய்கிறது. அவன் சாகவில்லை, மறைந்துபோகிறான். ஆனால், இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. வெற்றிடத்தில் ஒரு கை தனியே நகர்ந்து கதவைத் திறக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த சிறுவர்கள் அதை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

மற்றச் சாகச நாயகர்களைப்போல் கிராண்டல் தொடக்கத்திலேயே நல்லவனாக இருக்கவில்லை. திடீரென்று கிடைத்த ஆற்றல் அவனைக் குற்றச் செயல்களில் இறக்கியது. பின்னரே அவன் திருந்தி, தீயவர்களை எதிர்த்துப் போராடும் நாயகனானான். மறையும் ஆற்றலும் அவனுக்கு எப்போதும் இருப்பதில்லை. சிறிது நேரத்தில் அது தீர்ந்துவிடும். மீண்டும் மின்சாரத்தைத் தேடிப் போகவேண்டும். இப்படிப்பட்ட குறைகள் இருந்ததால்தான் அவன் வாசகர்களுக்கு நெருக்கமானான்.

அந்த ஆங்கிலக் கதை சிவகாசிக்கு வந்து தமிழ் பேசத் தொடங்கியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர் பெற்ற அந்த ஊரில், சௌந்தரபாண்டியன் என்பவர் 'முத்து காமிக்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். 1972இல் அதன் முதல் இதழாக வெளிவந்ததே 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகன் விஜயன் 1984இல் 'லயன் காமிக்ஸ்' இதழைத் தொடங்கி அந்தப் பணியை விரிவுபடுத்தினார். இங்கிலாந்தில் பிறந்த நாயகன், தமிழ்ச் சிறுவர்களின் 'மாயாவி'யாக வலம் வந்தான்.

"உங்களுக்கு அந்தப் புத்தகம் எப்படிக் கிடைத்தது, தாத்தா?"

"அப்போது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 'சிதம்பரம்' என்று ஒரு கப்பல் ஓடியது, அம்மா. என் மாமா அந்தக் கப்பலில்தான் வந்தார். பெட்டி முழுவதும் ஊறுகாய், அப்பளம், வேட்டி. அடியில் எனக்காக நான்கு காமிக்ஸ் புத்தகங்கள்!"

அந்த நான்கும் நண்பர்களிடையே கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தன. பசை தடவி ஒட்டி மீண்டும் படித்தார்கள். பிறகு தாத்தாவின் குடும்பம் கம்பத்து வீட்டைக் காலிசெய்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பரபரப்பில் யாரோ பழைய தாள்களோடு சேர்த்து அவற்றையும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டார்கள். தாத்தா பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது அவை இல்லை.

"அழுதீர்களா?"

"அழவில்லை. ஆனால், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை" என்று சிரித்தார் தாத்தா.

படக்கதைகளுக்கு உலகெங்கும் நேர்வது இதுதான். மலிவான தாளில் அச்சாகி, கைமாறி, கிழிந்து, கடைசியில் எடைக்குப் போய்விடும். அப்படிச் சிதறியவற்றை வரிசைப்படி திரட்டி, நல்ல தாளில் அச்சிட்டு, கெட்டியாக ஒரே நூலாகக் கட்டித் தருவதுதான் தொகுப்பு நூல். சிவகாசியிலிருந்தும் மாயாவியின் பழைய கதைகள் சில மறுபதிப்பாக வந்திருக்கின்றன.

தாத்தா நூலின் முதல் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது.

"இது யாருடைய பெயர், அம்மா?"

"ஹேசூஸ் பிளாஸ்கோ. அவர்தான் ஓவியர், தாத்தா. ஸ்பெயின் நாட்டுக்காரர். கதையை முதலில் எழுதியவர் கென் புல்மர்."

தாத்தா அந்தப் பெயரை இருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்த ஓவியங்களை வரைந்தவரின் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அச்சிடும் வழக்கம் பொதுவாக இருக்கவில்லை. 1919இல் பார்சிலோனாவில் பிறந்த பிளாஸ்கோ, ஒளியையும் நிழலையும் கையாள்வதில் வல்லவர். கறுப்பு மையை மட்டும் கொண்டே இருட்டு அறையையும், பளபளக்கும் உலோகத்தையும், அஞ்சி நடுங்கும் முகத்தையும் கண்முன் நிறுத்தினார். இருப்பினும், அவருடைய படங்களை வாரந்தோறும் பார்த்தவர்கள் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

"அவரும் மாயாவி மாதிரிதான்" என்றாள் பேத்தி. "ஆளைத் தெரியாது; கை மட்டும் தெரியும்."

தாத்தா அவளை வியப்போடு பார்த்தார். இவ்வளவு நீளமாக அவள் தமிழில் பேசி அவர் கேட்டதில்லை.

ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. குமிழிகளுக்குள் இருந்த ஆங்கில உரையாடலைத் தாத்தாவால் வேகமாகப் படிக்க முடியவில்லை. நூலைப் பேத்தியிடம் நகர்த்தினார்.

"எனக்கு நீ தமிழில் சொல்லேன்."

அப்படித்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. வாரந்தோறும் நான்கு பக்கங்கள். பேத்தி ஒட்டுத்தாள்களைக் குமிழியின் அளவுக்கு வெட்டிக்கொள்வாள். தமிழில் எழுதி, நூலுக்குச் சேதம் வராமல் மேலே ஒட்டுவாள். முதல் நாளே அவளுக்கு வேலையின் கடினம் புரிந்தது. ஆங்கிலத்தில் மூன்றே சொற்களில் அடங்கியதை, 'நான் யாருடைய கண்ணுக்கும் தெரியாதவனாக ஆகிவிட்டேன்' என்று எழுதினாள். தாள் போதவில்லை.

"இவ்வளவு எதற்கு? 'மறைந்துவிட்டேன்!' ஒரே சொல் போதும்" என்றார் தாத்தா.

அவள் எண்ணிப் பார்த்தாள். 'நான்' என்று தனியே சொல்லத் தேவையில்லை. வினைமுற்றின் விகுதியே அதைச் சொல்லிவிடுகிறது. வகுப்பில் பலமுறை படித்த இலக்கணம், ஒரு சிறு குமிழிக்குள் அடங்கியபோதுதான் அவளுக்கு நன்றாக விளங்கியது. அன்று சிவகாசியில் இருந்தவர்களும் இதே இடப்பற்றாக்குறையோடுதானே போராடியிருப்பார்கள்!

அடுத்த சிக்கல், ஓசைகள். படக்கதையில் ஓசையையும் எழுத்தால் காட்டவேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுத முனைந்தாள் பேத்தி. தாத்தா தடுத்தார்.

"கண்ணாடி உடைந்தால் 'சலீர்'. கதவை உடைத்தால் 'டமார்'. படியில் ஓடினால் 'தடதட'. நெஞ்சு அடித்துக்கொண்டால்?"

"'படபட'!" என்றாள் பேத்தி. பிறகு, "தாத்தா, 'தடதட', 'படபட' இரண்டும் இரட்டைக்கிளவி!" என்று கூவினாள்.

"பெயர் என்னவாக இருந்தாலும் காதில் விழவேண்டும், அம்மா. அதுதான் முக்கியம்."

வாரங்கள் சென்றன. நான்கு பக்கங்கள் படிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. ஏனெனில் ஒவ்வொரு பக்கத்திலும் தாத்தாவிடம் ஒரு கதை இருந்தது. இருட்டுத் தெருவைப் பார்த்தால் கம்பத்தின் மண்ணெண்ணெய் விளக்கு அவர் நினைவுக்கு வரும். கப்பலைப் பார்த்தால் மாமாவின் பெட்டி நினைவுக்கு வரும். பேத்தியும் பதிலுக்குச் சொன்னாள். சிங்கப்பூர் ஓவியர் சானி லியூ, 'சார்லி சான் ஹோக் சை' என்ற கற்பனை ஓவியரைப் படைத்து, அவருடைய வாழ்நாள் படைப்புகளின் தொகுப்பைப் போலவே 2015இல் ஒரு நூல் வெளியிட்டதைப் பற்றி விவரித்தாள். அந்நூல் 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகளைப் பெற்றது.

"இல்லாத ஓவியருக்குத் தொகுப்பு நூலா?" என்று கேட்டார் தாத்தா.

"ஆமாம், தாத்தா. அதைப் படித்தால், நிஜமாகவே இப்படி எத்தனை பேரை நாம் மறந்திருப்போம் என்று தோன்றும்."

தாத்தா சற்று நேரம் பேசவில்லை.

கடைசிக் குமிழியையும் ஒட்டி முடித்த நாளில், பேத்தி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். 'கதை: கென் புல்மர்' என்றும், 'ஓவியம்: ஹேசூஸ் பிளாஸ்கோ' என்றும் அழகாக எழுதினாள். அதற்குக் கீழே 'தமிழாக்கம்' என்று எழுதி, முதலில் தாத்தாவின் பெயரையும் அடுத்துத் தன் பெயரையும் சேர்த்தாள்.

தாத்தா அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஒன்று விட்டுப்போயிற்று. நான் படித்த புத்தகத்தில் ஒவ்வொரு குமிழிக்குள்ளும் யாரோ ஒருவர் தமிழில் எழுதியிருந்தார். மணி மணியான எழுத்து. அதைப் படித்துத்தான் நான் வேகமாகப் படிக்கவே கற்றுக்கொண்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது."

"தெரியாத பெயரை எப்படி எழுதுவது, தாத்தா?"

தாத்தாவிடம் பதில் இல்லை. பேத்தி சிறிது யோசித்தாள். பிறகு, தங்கள் இருவரின் பெயர்களுக்கும் மேலே 'முதலில் தமிழில் எழுதியவர்' என்று ஒரு வரியைச் சேர்த்தாள். பெயர் வரவேண்டிய இடத்தில், எழுதுகோல் பிடித்த ஒரு கையை மட்டும் வரைந்தாள்.