மரத்தின் உள்ளே இருவர்

வைரம் பாய்ந்த கட்டையை எதுவும் செய்யாது என்பது நாம் கேட்டு வளர்ந்த பேச்சு. சால் மரத்தைத் துளைக்கும் வண்டுக்கு அந்த வைரமே வீடு. அதன் புழு பட்டைக்கடியில் தின்னத் தொடங்கி, மென்கட்டையைக் கடந்து, வைரத்தில் அறை குடைந்து, சுண்ணாம்பு போன்ற மூடியால் வாயிலை அடைத்துக்கொண்டு உறங்குகிறது. முதல் மழைக்கு வண்டாக வெளிவருகிறது.

மண்ட்லா காடுகளுக்குச் சென்றிருந்தபோது அவ்வண்டைப் பிடிக்கும் முறையை எங்களுக்கு விளக்கினார்கள். சில மரங்களை வெட்டித் துண்டாக்கி, முனைகளை அடித்து நசுக்கிப் போடுகிறார்கள். கசியும் சாற்றின் மணத்துக்கு வண்டுகள் கூடுகின்றன. குடித்துக் கிறங்கிக் கிடக்கின்றன. ஊர்மக்கள் பொறுக்கித் தலையைக் கிள்ளி, எண்ணிக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். (கள்ளுக்கடையை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.)

திரும்பும் வழியில் எங்களுக்குள் ஒரு வாதம். ஆஸ்திரேலியாவின் பைன் தோட்டங்களை அழித்த சைரெக்ஸ் மரக்குளவியைப் போல இதுவும் ஒழிக்கப்பட வேண்டிய பகைதானே என்றார் நண்பர். நாங்கள் மற்றவர்கள் உடன்படவில்லை.

குளவியின் வழியே வேறு. ஊசியால் மரத்தைத் துளைத்து, முட்டையோடு நச்சுக் கோழையையும் ஒரு பூசணத்தையும் உள்ளே இறக்குகிறது. பூசணம் கட்டையை உலர்த்திப் பக்குவப்படுத்தித் தர, புழு உண்கிறது. ஐரோப்பாவில் அதிகம் பேசப்படாத இப்பூச்சி 1952இல் டாஸ்மேனியாவில் காணப்பட்டது. அங்கே அதற்குக் கிடைத்ததோ கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து நெருக்கமாக நட்ட பைன். 1987க்கும் 1989க்கும் இடையில் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லைப் பகுதியில் சுமார் 50 லட்சம் மரங்கள் மடிந்தன. விருந்தாளியும் அயல், விருந்தும் அயல்.

சால் வண்டோ அந்தக் காட்டிலேயே பிறந்தது. திடமான மரம் குங்கிலியத்தைச் சுரந்து புழுவை மூழ்கடித்துவிடும். முதுமையாலும் வறட்சியாலும் தளர்ந்த மரத்தில்தான் புழு பிழைக்கிறது. தளர்ந்த மரங்கள் பெருகும்போதுதான் அது கொள்ளைநோயாகிறது. 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில் அவ்வாறு பரவியபோது லட்சக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. காக்க வெட்டினார்களா, வெட்டக் காரணம் கிடைத்ததா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. வண்டின் மீது மட்டும் பழிபோட எங்களுக்கு மனம் வரவில்லை.

குளவிக்கு வாய்த்த எதிரி ஒரு நூற்புழு, 1962இல் நியூசிலாந்தில் கண்டறியப்பட்டது. அதே பூசணத்தைத் தின்று பெருகுகிறது. பிறகு குளவியின் முட்டைகளுக்குள் புகுந்து அவற்றை மலடாக்குகிறது. குளவி அறியாமல் மரம் மரமாகப் பறந்து அந்த நூற்புழுவையே விதைத்துச் செல்கிறது. சால் காட்டில் மழை விழுந்தால் மனிதர்கள்தான் கூடையோடு போகவேண்டியிருக்கிறது.