இரவு வண்டிச் செலவு

நிகழ்ச்சி முடிந்து மண்டபத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்ற வேளையில், தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு சிறு விவாதம் எழுவதை வாசக அன்பர்கள் அறிவர். நாடகத்தைப் பற்றியதன்று, பட்டிமன்றத் தீர்ப்பைப் பற்றியதுமன்று. வீட்டுக்கு நடந்து போவதா, வண்டி பிடிப்பதா என்பதே அது. பட்டிமன்றத்துக்கு நடுவர் உண்டு; இதற்கு இல்லை. குடும்பத் தலைவர் பெரும்பாலும் நடைக் கட்சி. தலைவியார் வண்டிக் கட்சி. பிள்ளைகள் உறக்கக் கட்சி.

நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைக் கட்சியின் அசையாத உறுப்பினராக இருந்தோம். அக்கட்சியிலிருந்து விலகிய வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, இளங்கலைப் பட்டமும் எழுத்தர் தேர்வில் தேறிய ஆணையும் கையிலேந்தி நாம் தில்லி வந்து இறங்கியது 2002ஆம் ஆண்டு டிசம்பரில். அம்மாதத்தில்தான் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே மெட்ரோ இரயில் முதன்முதலாக ஓடத் தொடங்கியது. நாமோ முனிர்க்கா கிராமத்தில் மூன்று நண்பர்களுடன் ஓர் அறையில் குடியிருந்தோம். மெட்ரோ அப்பக்கம் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. மண்டி ஹவுஸ் பக்கம் கமானி அரங்கில் ஒரு நல்ல கச்சேரி என்றால் நால்வரும் போய்விடுவோம். தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் எழுந்து போகிறவன் இரசிகனல்லன் என்பது எங்கள் கொள்கை. கொள்கையைக் காப்பாற்றினால் கடைசிப் பேருந்தைக் காப்பாற்ற இயலாது.

அவ்வாறு ஒரு மார்கழி இரவில் இந்தியா கேட், சப்தர்ஜங் கல்லறை, எய்ம்ஸ் என்று பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு நடந்தே அறை திரும்பினோம். வழியில் ஒருவன் வேர்க்கடலைக் குவியலின் மேல் தணல் நிறைந்த சிறு சட்டியை வைத்துக்கொண்டு விற்றான். சூடான கடலையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைகளையும் அதற்குள்ளேயே விட்டுக்கொண்டு, கேட்ட இராகங்களை எல்லாம் கண்டபடி பாடிக்கொண்டு நடந்தோம். காவலர் ஒருவர் தடியைத் தரையில் தட்டி, "யார் நீங்கள்?" என்றார். "மதராசி" என்றோம். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த இரவைப் போல் ஊர் நமக்குச் சொந்தமாக இருந்த இரவு பிறிதொன்றில்லை. நடையின் பெருமையை நாம் கற்றது அன்றுதான்.

நமக்கு முன் வந்த மூத்தோரும் இதே வினாவைச் சந்தித்தவர்களே. கரோல் பாகிலும் கோல் மார்க்கெட்டிலும் வாழ்ந்த அப்பெரியவர்கள், கன்னாட் பிளேசிலிருந்து 'பட்பட்' என்று அதிர்ந்து ஓடிய பெரிய மோட்டார் சைக்கிள் வண்டிகளைப் பற்றிச் சுவையுடன் சொல்வார்கள். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் சர்தார்ஜியை எழுப்பி, கறுப்பும் மஞ்சளுமான அம்பாசடரில் குடும்பம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்த கதைகளும் உண்டு. அந்தக் கதைகளில் டாக்சி என்பது ஆண்டுக்கொரு முறை வரும் பண்டிகை. நடை என்பது நித்திய பூசை. நாமும் அம்மரபில் வந்தவர் என்னும் பெருமிதம் நமக்கு இருந்தது.

நிற்க. திருமணமாயிற்று, மகள் பிறந்தாள், லோதி காலனியில் அரசுக் குடியிருப்பும் கிடைத்தது. 1940களில் கட்டப்பட்ட வளைவு வாயில்களும், அண்மை ஆண்டுகளில் ஓவியர்கள் வந்து சுவர் முழுவதும் வரைந்து வைத்த சித்திரங்களும் உடைய பேட்டை அது. மகள் இப்பொழுது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சில் தஞ்சாவூரும் தில்லியும் சரிபாதி. நாடகத்தில் பெருவிருப்பம். கல்லூரி நாடகக் குழுவின் ஒத்திகை மண்டி ஹவுஸ் அருகே மாலையில் தொடங்கி ஒன்பதரை மணி வரை நடக்கும். மண்டி ஹவுஸில் மெட்ரோ ஏறி, மத்தியச் செயலகத்தில் மாறி, ஜோர் பாகில் இறங்குவாள். அங்கிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள், இரவு பத்தரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். எவ்வளவு கொடுத்தாய் என்றோம். நூறு ரூபாய் என்றாள்.

நாம் எழுத்தர். விதி என்று ஒன்று இருந்தால் அதன் பிரிவும் உட்பிரிவும் நமக்கு நினைவில் நிற்கும். "2023 ஜனவரியில் அறிவித்த கட்டணப்படி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்குப் பதினொன்று. இரவுக் கட்டணம் இருபத்தைந்து விழுக்காடு என்பது பதினோரு மணிக்குப் பிறகுதான். முப்பது ரூபாய்த் தூரத்துக்கு நூறு ரூபாயா? உன் வயதில் நாங்கள் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தோம்" என்று தொடங்கி, வேர்க்கடலை, காவலர், மதராசி வரை முழுவதையும் சொல்லி முடித்தோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. "சரிப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் ஆட்டோவில் வரவில்லை. நடந்தே வந்தாள். நாமும் உள்ளூர மகிழ்ந்தோம். விளக்குகள் எரிகின்ற சாலை; நம் பேட்டை; பதினைந்து நிமிட நடை. இதில் என்ன இருக்கிறது என்று எண்ணினோம்.

எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தின் கீழ் மேசையிட்டுக் கரிப் பெட்டியால் துணி தேய்க்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. தெருவார் அனைவருக்கும் அவர் அம்மாஜி. ஒரு காலையில் அவர் தேய்த்த துணிகளைக் கொடுக்க வந்தபொழுது, நம் துணைவியாரிடம், "பிட்டியாவின் பயம் போய்விட்டதா?" என்று கேட்டார். துணைவியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாஜி சொன்னதன் சாரம் இதுதான். மூன்று நாள்களுக்கு முன், இரவு பத்தரை மணி அளவில், மகள் விரைவாக நடந்து வந்தாள். அவள் பின்னே ஒரு மோட்டார் சைக்கிள். அதில் இருவர். அவள் விரைந்தால் அதுவும் விரைந்தது, நின்றால் நின்றது. அம்மாஜி குப்பைச் சருகுகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். மகள் நேரே வந்து, பல நாள் பழகியவளைப் போல் அந்த நெருப்பருகே அமர்ந்துவிட்டாள். அவளால் பேச முடியவில்லை. அம்மாஜி எழுந்து, கையிலிருந்த கோலோடு சாலை நடுவில் போய் நின்று உரத்த குரலில் திட்டியிருக்கிறார். வண்டி திரும்பிப் போயிற்று. பிறகு மகளை வளைவு வாயில் வரை கொண்டுவந்து விட்டாராம்.

மூன்று நாள்களாக அந்தப் பெண் நம்மோடு அமர்ந்து உணவருந்தியிருக்கிறாள். ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டில் நடந்ததை விரிவாக எழுதுவதற்கில்லை. "ஏங்க, நாடகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வரட்டும்" என்றார் துணைவியார். நமக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் மகளிடம் கேட்டோம்.

"சொன்னால் ஒத்திகையை நிறுத்திவிடுவீர்கள் அப்பா. நிறுத்தாவிட்டால் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் ஆகும். இரண்டில் எதைச் சொல்வது?" என்றாள். சற்றுப் பொறுத்து மேலும் ஒன்று கேட்டாள். "நீங்கள் நால்வரும் நடந்த அந்த இரவில் வழியில் ஒரு பெண்ணையாவது பார்த்தீர்களா?"

நாம் எண்ணிப் பார்த்தோம். கடலைக்காரன் நினைவுக்கு வந்தான். காவலர் வந்தார். இரவுக் கூர்க்கா, பால் வண்டிக்காரன், எய்ம்ஸ் சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த நோயாளிகளின் உறவினர் எல்லாரும் வந்தனர். பன்னிரண்டு கிலோமீட்டரில் தன் விருப்பத்துக்கு நடந்து சென்ற பெண் ஒருத்தியும் நினைவில் எழவில்லை. ஊர் எங்களுக்குச் சொந்தமாக இருந்த இரவு என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தோமே, அந்தச் சொத்தில் பாதிப் பேருக்குப் பங்கு இல்லை என்பது அந்தக் கணம் வரை நமக்குத் தோன்றியதில்லை.

தோன்றியிருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, சாகேத்தில் திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர், நண்பருடன் தனியார் பேருந்தில் ஏறியது முனிர்க்கா நிறுத்தத்தில். அதே மாதம் 29ஆம் நாள் அவர் சிங்கப்பூர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அந்நிறுத்தத்தில் நாம் எத்தனையோ இரவுகள் நின்றிருக்கிறோம். அந்த வாரம் தலைநகரமே தெருவில் திரண்டபொழுது நாமும் கண்ணீர் விட்டோம். அலுவலகத்தில் காரசாரமாகப் பேசினோம். அப்பொழுது நம் மகளுக்கு ஆறு வயது. அவள் வளர்ந்து பத்தொன்பதை எட்டியதும், முப்பது ரூபாய்த் தூரத்துக்கு நூறு ரூபாயா என்று கேட்டவரும் நாமே.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மாத வரவு செலவு எழுதும் நோட்டை எடுத்து மேசையில் வைத்தோம். பால், அரிசி, மின்சாரம், கல்லூரிக் கட்டணம், ஊருக்கு அனுப்புவது என்று அதில் பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் உண்டு. அலுவலகத்தில் ஒரு செலவுக்குத் தனித் தலைப்பு இல்லாவிட்டால் அச்செலவைச் செய்வது எத்துணைக் கடினம் என்பதை நம் போன்றோர் நன்கு அறிவர். தலைப்பு இல்லாத செலவு குற்றம்போல் தோன்றும். தலைப்பு இருந்தால் அது கடமையாகிவிடும். புதிய வரி ஒன்று போட்டு, 'இரவு வண்டி' என்று எழுதினோம். வாரம் நான்கு ஒத்திகை, ஒவ்வொன்றுக்கும் நூறு. நாம் வழக்கமாக வாங்கும் இரண்டு வார இதழ்களையும் அலுவலகச் சிற்றுண்டியில் ஒரு பகுதியையும் குறைத்தோம். அப்படியும் தொகை முழுவதும் சேரவில்லை. மீதியைத் துணைவியார் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து தருவதாகக் காலையில் சொன்னார். ஒத்திகை நிற்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவரே. ஆயினும் அந்நோட்டைப் பார்த்த பிறகு அதைப் பற்றி அவர் மீண்டும் பேசவில்லை.

நாமே நாள்தோறும் நிலையத்தில் போய் நிற்கிறோம் என்றும் சொல்லிப் பார்த்தோம். மகள் ஒப்பவில்லை. "வரும்பொழுது வாருங்கள் அப்பா, பேசிக்கொண்டே நடக்கலாம். ஆனால் நீங்கள் வந்தால்தான் நான் வெளியே போகலாம் என்று வைக்காதீர்கள்" என்றாள். அதில் நியாயம் இருந்தது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் நாம் போய் நிற்போம். மற்ற நாள்களில் வண்டி.

இத்துடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதி முடிக்க நமக்கு மனம் இல்லை. ஒரு வீட்டு நோட்டில் ஒரு வரி ஏறியது, அவ்வளவே. அதே சாலையில் இரவு வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் உண்டு. மருத்துவமனையில் பணிமாறித் திரும்பும் செவிலியர் உண்டு. அம்மாஜியே தண்ணீர் எடுக்கப் பின்னிரவில் தனியே நடக்கிறார். அவர்களுக்கு இந்தத் தலைப்பைத் திறப்பவர் யார்? நூறு ரூபாய் கொடுத்து வாங்குகின்ற அச்சமின்மை உரிமையாகாது என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் உரிமை வந்து சேரும் வரை பிள்ளையை இருட்டில் நடக்கவிட்டுச் சிக்கனம் பேசுவது நமக்குத் தகாது.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு இராமகிருஷ்ணபுரம் சங்க மண்டபத்துக்கு மூவரும் சென்றிருந்தோம். முடியும்பொழுது மணி பதினொன்றேகால். கடும் பனி. வாயிலில் நின்ற ஆட்டோக்காரர், "மீட்டர் கராப் ஹை, பாபுஜி. இருநூற்றைம்பது" என்றார். ஏழு கிலோமீட்டருக்கு இரவுக் கட்டணம் உட்பட நூற்றுப் பதின்மூன்றுக்கு மேல் வராது என்று நம் மனம் தானே கணக்கிட்டது. வாய் திறக்கவில்லை. ஏறி அமர்ந்தோம். துணைவியார் நம்மை வியப்புடன் பார்த்தார்.

ஜோர் பாக் நிலையத்தருகே வந்ததும் மகள், "இங்கேயே இறங்கி நடக்கலாமா அப்பா? மூன்று பேர் இருக்கிறோமே" என்றாள். இறங்கினோம். பனிக்குள் தெரு விளக்குகள் மங்கலாக எரிந்தன. அவள் தன் நாடக வசனங்களை உரக்கச் சொல்லிக்கொண்டு முன்னே நடந்தாள். நாமிருவரும் பின்னே நடந்தோம். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் அவள் குரலைத் தவிர வேறு ஒலி இல்லை. வேப்பமரத்தடியில் நெருப்பு அவிந்து சாம்பலாகியிருந்தது. அம்மாஜி உறங்கிவிட்டார் போலும். அவ்விடம் வந்ததும் மகள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மறுநாட்காலை நோட்டை எடுத்து, 'இரவு வண்டி' என்னும் தலைப்பின் கீழ் இருநூற்றைம்பது என்று எழுதிக் கூட்டினோம்.