கரைப்பானும் கரைபொருளும்

கல்லூரியில் தமிழ் கற்பிப்பவருக்குத் தெருவில் எல்லாப் பாடமும் வாய்த்துவிடுகிறது. விரிவுரையாளர் என்று தெரிந்தால் போதும், எந்தத் துறை என்று எவரும் கேட்பதில்லை. கும்பகோணத்தில் நாம் குடியிருக்கும் பகுதியிலும் அவ்வாறே. இரண்டு தெரு தள்ளியிருக்கும் அன்பர் ஒருவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் தம் மகனுக்கு, "எல்லாத்தையும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க ஐயா" என்றார். கட்டணம் வாங்குவது நம் வழக்கமன்று. சனிக்கிழமைகளில் அனுப்பச் சொன்னோம். பையன் தனியே வரவில்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காளும் உடன் வந்தாள். பாடம் அவனுக்கு, அவள் துணைக்கு.

பையன் தனியார் பள்ளி, ஆங்கில வழி. பெண் அரசுப் பள்ளி, தமிழ் வழி. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால் அது எந்தப் பிள்ளை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. துணைக்கு வந்தவள் முதல் வாரமே தன் புத்தகங்களையும் எடுத்து வந்திருந்தாள். தூணோரம் அமர்ந்து ஓசையின்றிப் படித்துக்கொண்டிருப்பாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்த பின் வந்த சனிக்கிழமை அது. பையனின் அறிவியல் விடைத்தாளில் 'வெலாசிட்டி'க்கு முழு மதிப்பெண். பிழையில்லாத ஆங்கில வரையறை. "அப்படியென்றால் என்ன தம்பி?" என்றோம். மறுபடியும் அதே வரையறையை அதே வேகத்தில் ஒப்பித்தான். 'ஸ்பீடு' என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்றதற்கு விழித்தான். தூணோரத்திலிருந்து குரல் வந்தது: "டேய், அது வேகம், இது திசைவேகம். எந்தப் பக்கம் போறேன்னும் சொல்லணும்."

அவளைப் பலகை அருகே அழைத்தோம். மகாமகக் குளத்தின் வடகரையில் புறப்பட்டு, நான்கு கரையும் சுற்றிப் புறப்பட்ட படிக்கே வந்து நின்றால் இடப்பெயர்ச்சி எவ்வளவு என்று கேட்டோம். "சுழி" என்றாள். தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. கால் வலிக்க நடந்தது எப்படிச் சுழியாகும் என்று வாதிட்டான். "இடம் பெயர்ந்தாயா? இல்லையே. நின்ற இடத்திலேதானே நிற்கிறாய்!" என்றதும் வாயை மூடிக்கொண்டான். ஒரு சொல்லுக்குள்ளேயே அதன் வரையறை படுத்திருக்கிறது. தட்டி எழுப்பினால் எழுந்துவிடுகிறது.

அடுத்தது கணக்கு. இராமானுஜன் வளர்ந்த ஊர் என்பதனால் இவ்வூர்க் குழந்தைகளுக்குக் கணக்கு தானே வந்துவிடாது. அவரே இங்குள்ள கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர்தாம். பெண்ணுக்குச் 'சார்புகள்' பாடம் பிடிபடவில்லை. சார்பெழுத்தை நினைவூட்டினோம்: தனித்து நில்லாமல் பிறிதொன்றைச் சார்ந்து வருவது. பாடநூல் 'நிழல் உரு' என்று ஓர் அருமையான சொல்லை வைத்திருக்கிறது. இருவர் நிழல் ஒரே இடத்தில் விழலாம். ஒருவருக்கு இரண்டு நிழல் விழக்கூடாது. நிழலே இல்லாமலும் எவரும் இருக்கக்கூடாது. இவ்வளவுதான் சார்பு. எல்லாக் கலைச்சொற்களும் இப்படி உதவுகின்றன என்று சொல்லமாட்டோம். 'மதிப்பகம்', 'வீச்சகம்' என்பவை ஊமைச் சொற்கள். எவ்வளவு தட்டினாலும் பேசுவதில்லை. மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

நண்பகலுக்குப் பின் சமூக அறிவியல். முதல் உலகப்போர் வந்தது. ஆண்டுகளை அடுக்கிச் சொன்னவளிடம், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைக் கடற்கரைமீது குண்டுவீசிய செருமானியக் கப்பலின் பெயரைச் சொன்னோம். இருவரும் ஒருசேரச் சிரித்தார்கள். பையனை அவர்கள் பாட்டி வைவது அந்தப் பெயரைச் சொல்லித்தானாம்: "சரியான எம்டன்!"

மாலையில் வேதியியல். கரைப்பான், கரைபொருள், கரைசல். இவ்விடத்தில் நமக்குக் கை ஓங்கிவிடுகிறது என்பதை மறைப்பானேன்! கரைபொருள் வினைத்தொகை: கரைந்த, கரைகின்ற, கரையும் பொருள். தானே கரைவது, எனவே தன்வினை. கரைப்பான் பிறிதொன்றைக் கரைக்கச் செய்வது, பிறவினை. இடையே நிற்கும் ஒரு 'ப்' தான் உப்பு எது, தண்ணீர் எது என்று பிரித்துக் காட்டுகிறது. ஊறுகாயை எடுத்துக்காட்டாக வைத்து வினைத்தொகை நடத்தும் தமிழாசிரியர் ஒருவரும் பக்கத்து வகுப்பில் நடக்கும் வேதியியலை எட்டிப் பார்ப்பதில்லை. வேதியியல் ஆசிரியரும் இந்த 'ப்'பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். நூறாண்டுக்கு மேலாகப் பலர் அடித்துத் திருத்தி வளர்த்த சொற்கள், ஒரு மதிப்பெண் வினாவில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று கிடக்கின்றன.

பையன் 'சால்யூட்', 'சால்வென்ட்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்காள் தன் குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்து இடப்புறம் தன் சொல்லையும் வலப்புறம் அவன் சொல்லையும் எழுதினாள். எழுத்துக் கூட்டுவதற்கு அவனைக் கேட்டாள். அவன் சற்றுப் பெருமையுடனே சொன்னான். பொருளுக்கு அவளைக் கேட்டான். எழுதி முடித்தபின் நிமிர்ந்து, "பன்னெண்டாவதுக்கு அப்புறம் இந்தப் பக்கத்துச் சொல்லெல்லாம் வேண்டாமா ஐயா?" என்று இடப்புறத்தைக் காட்டினாள்.

வினவியது பாடத்தைப் பற்றி மட்டுமன்று. பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் எடுக்க அவளுக்கு ஆசை. தந்தையார் தொழிற்கல்விப் பிரிவு போதும் என்றிருக்கிறார். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம், தமிழ் வழியில் படித்தவள் திணறுவாள் என்பது அவர் அச்சம். முற்றிலும் பொய்யான அச்சமும் அன்று. முதற்பருவத்தில் வகுப்பில் வாய் திறவாமலே காணாமற்போகும் பிள்ளைகளை ஆண்டுதோறும் நாம் பார்க்கிறோம். 2010இல் அண்ணாப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானவியலும் இயந்திரவியலும் தமிழ் வழியில் தொடங்கப்பெற்றன. தமிழ் வழியில் பயின்றவர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. இவற்றை அவளிடம் சொன்னோம். மருத்துவமும் பிற பெரும்பாலான படிப்புகளும் வலப்புறத்துச் சொற்களில்தாம் நடக்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னோம். வலப்புறத்தை ஈராண்டில் கற்றுவிடலாம். இடப்புறத்தில் புரிந்ததை எவரும் பறிக்க இயலாது என்பது நம் துணிபு.

இருட்டுமுன் தந்தையார் அழைத்துப்போக வந்தார். பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டார். திசைவேகத்தை அக்காள்தான் அவனுக்கு விளங்கவைத்தாள் என்றோம். அவர் மகளைச் சற்றுநேரம் பார்த்தார். "இது எப்பவும் வாயாடுங்க" என்றார், சிரித்தபடி. கணிதப் பிரிவைப் பற்றி நாம் எடுத்த பேச்சுக்கு, "பார்ப்போம் ஐயா, மார்க்கு வரட்டும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மின்னோட்டம் பார்க்கவேண்டும் என்று சொல்லிச் சென்றாள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.