ஊர் கூடி இழுத்த தேர்

பின்லாந்து தேசத்தின் கிழக்கே வட கரேலியா என்றொரு மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த அப்பகுதியில், மரம் வெட்டியும் உழுதும் பிழைத்த திடகாத்திரமான ஆண்கள் நாற்பது, ஐம்பது வயதிலேயே மாரடைப்பால் மாண்டனர். பொறுக்க மாட்டாமல் 1971-ஆம் ஆண்டு மாகாணப் பிரதிநிதிகள் அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தனர். மறு ஆண்டே பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் பணி தொடங்கிற்று.

ரொட்டியில் கனமாகத் தடவிய வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு, புகைபிடித்தல் ஆகியவையே முக்கிய காரணங்கள். ஆனால் வைத்தியர் வாயால் சொன்னால் போதுமா? சமைப்பவர் கை அல்லவா மாற வேண்டும்! 'மார்த்தா' என்னும் இல்லத்தரசிகள் சங்கம் கிராமங்களில் கூட்டம் கூட்டி, காய்கறி மிகுந்த புதிய பக்குவங்களைச் சமைத்துப் பரிமாறிற்று. பள்ளிகளும் கடைகளும் பத்திரிகைகளும் கைகொடுத்தன. பால்பண்ணைக்காரர் பிழைப்புக் கெடுமே என்ற கவலை எழுந்தபோது, பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஊக்கம் அளிக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகளில், 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடையே மாரடைப்பு மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. புதிய சிகிச்சைகளுக்கும் இதில் பங்குண்டு. பெரும்பங்கு பழக்கம் மாறியதற்கே என்பது ஆய்வாளர் முடிவு.

இதில் தமிழருக்கும் பாடம் உண்டு. தெற்காசியரை இந்நோய் மற்றவரைவிட இளவயதிலேயே தாக்குகிறது. வீட்டில் பத்தியம் இருப்பவரும் சங்கத்து விருந்தில் மனம் தளர்வது இயல்பு. சங்கத்துச் சமையற்கட்டில் உப்பும் நெய்யும் ஒரு கரண்டி குறைந்தால், அது ஓர் இலைக்கு மட்டுமன்று. பந்தி முழுவதற்குமான வைத்தியம்.