வூச்: படகின் பெயர் கொண்ட மில் ஊர்

போலந்துக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் பெரும்பாலும் வார்சா, கிராக்கூஃப் என்று இரண்டு ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வூச் நகரத்தில் இறங்குகிறவர்கள் குறைவு. வரைபடத்தில் பார்த்துவிட்டு ‘லோட்ஸ்’ என்று படித்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘வூச்’. போலிஷ் மொழியில் படகு என்று பொருள், நகரச் சின்னத்திலும் ஒரு படகு உண்டு. ஆனால் அந்தப் படகு ஓடக்கூடிய ஆறு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

பெர்லினிலிருந்து ரயிலில் நாங்கள் நான்கு பேர் போனோம்: நான், மனைவி, மகள், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அப்பா. அப்பா கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் சைடராக 22 வருஷம் வேலை பார்த்தவர். மில் மூடின பிறகு ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து எங்களைப் படிக்க வைத்தார். கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல வூச்சைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். அதனால் இது அவருக்காகப் போட்ட பயணம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். எனக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது.

நான் இப்போது தனி ஆளாக ஒரு வி.ஆர். விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். முகத்தில் ஹெட்செட்டை மாட்டினால் எதிரே ஒரு நூற்பு இயந்திரம். இழை அறும். ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்காக வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது.

“ஏனுங்க, தீபாவளி வரைக்கும்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்?” என்று ரயிலில் கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை. கணக்குக் கேட்கிற குரல். பதில் என்னிடம் இல்லை.

வூச் என் மனதில் பதிந்ததற்குக் காரணம் ‘சூப்பர்ஹாட்’. 2013இல் ஏழே நாளில் ஒரு துப்பாக்கி விளையாட்டு செய்து முடிக்க வேண்டும் என்ற சவாலுக்காக இந்த ஊர்க்காரர்கள் சிலர் செய்தது. அதில் ஒரே ஒரு விதி. நீங்கள் அசைந்தால்தான் நேரம் ஓடும். நின்றால் தோட்டாவும் காற்றில் நிற்கும். 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் 1 லட்சம் டாலர் கேட்டார்கள், இரண்டரை லட்சம் கிடைத்தது. 2016 பிப்ரவரியில் முழு விளையாட்டு வந்தது. அதே டிசம்பரில் வி.ஆர். பதிப்பு. பழையதை அப்படியே மாற்றாமல், வி.ஆருக்கென்று முதலிலிருந்து திரும்பச் செய்தார்கள்.

சின்னக் குழுவுக்கு அது ஏன் பெரிய பாடம் என்று சொல்கிறேன். வி.ஆரில் படம் நொடிக்கு 72 அல்லது 90 முறை, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, புதிதாக வரைந்தாக வேண்டும். 90 என்றால் ஒரு படத்துக்கு 11 மில்லி செகண்டுதான் கிடைக்கும். தாமதமானால் ஆளுக்குத் தலை சுற்றும். கண் ‘நடக்கிறேன்’ என்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நிற்கிறேன்’ என்று சொன்னாலும் குமட்டும். அதனால் பிரம்மாண்டமான காடு, கோட்டை எல்லாம் இங்கே பாரம். சூப்பர்ஹாட்டில் வெள்ளை அறை, சிவப்புக் கண்ணாடி ஆட்கள், ஆடுகிறவர் நிற்கும் இடத்திலேயே நிற்கிறார். நூறு ஓவியர்களை வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் எட்டுகிற காரியம் அது.

வூச்சில் இறங்குகிற நிலையத்தின் பெயரே ஃபாப்ரிச்னா, அதாவது ‘ஆலை’ நிலையம். பூமிக்கு அடியில் இருக்கிறது. மேலே வந்தால் பக்கத்திலேயே 1907ஆம் ஆண்டு மின் நிலையம். இப்போது அதற்கு இ.சி.1 என்று பெயர். உள்ளே கோளரங்கம் இருக்கிறது. காமிக்ஸுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் ஒரு மையமும் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் சில நூறு பேர் இருந்த ஊர் இது. பஞ்சாலைகள் வந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 3 லட்சம் பேரைத் தாண்டியது. 1990களின் தொடக்கத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. போஸ்நான்ஸ்கியின் பெரிய செங்கல் ஆலை 2006 முதல் ‘மானுஃபாக்தூரா’ என்ற வணிக வளாகம். அப்பா அந்த வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். “நம்மூர்ல இடிச்சுப்போட்டு வீட்டுமனை போட்டானுங்க. இங்க செங்கலயாச்சும் வெச்சிருக்கானுங்க” என்றார்.

பியோத்ர்கோவ்ஸ்கா தெரு நாலு கிலோமீட்டருக்கு மேல் நேராகப் போகிறது. சைக்கிள் ரிக்‌ஷா ஓடுகிறது, மகளுக்கு ஒரே குஷி. தெருவின் தென்கோடியில் கையர் என்பவர் 1830களில் கட்டிய வெள்ளை ஆலை. இப்போது மத்திய நெசவுத்தொழில் அருங்காட்சியகம். நான் வந்த காரியம் அங்கேதான் முடிந்தது.

என் விளையாட்டை பெர்லினிலேயே அப்பாவுக்கு மாட்டிவிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷத்தில் கழற்றிவிட்டார். “ஏங்கண்ணு, முட்டிக்கு வேலையே இல்லையா? முட்டியில பிரேக்க அமுக்காம ஸ்பிண்டல் எப்படி நிக்கும்? ஸ்பிண்டல் நிக்காம இழைய எப்படி ஒட்டுவ?” உண்மைதான். ஆனால் இந்த ஹெட்செட்டுக்குத் தலை தெரியும், இரண்டு கை தெரியும். முழங்கால் எங்கே என்று தெரியாது. பட்டன் வைத்துப் பார்த்தேன், அது வேலை மாதிரி இல்லை.

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால் அப்பா போய் நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான். கை தானாக எழுந்தது. இல்லாத இழையைப் பிடித்து, மேலே கொண்டுபோய், உருளையில் ஒட்டினார். மகள் சிரித்தாள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பவும் செய்தார். நான் காலைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தேன். முட்டி முன்னால் போகிற ஒவ்வொரு முறையும் தலை ஒரு விரற்கடை இறங்கி இடது பக்கம் சாய்ந்தது. தலை ஹெட்செட்டுக்குத் தெரிந்த இடம்தானே! “அப்பா, இன்னொருக்கா செய்யுங்க” என்றேன். பத்து முறை செய்ய வைத்து போனில் படம் பிடித்தேன்.

பெர்லின் திரும்பி நாலு நாளில் எழுதிவிட்டேன். தலை சாய்ந்து இறங்கினால் ஸ்பிண்டல் நிற்கும். நிமிர்ந்தால் ஓடும். அப்பா மாட்டிப் பார்த்தார். கால் மணி நேரம் கழற்றவில்லை. கடைசியில், “சத்தம் பத்தல கண்ணு. மில்லுல பேசுனாக் கேக்காது” என்றார். இப்போது சத்தத்தில் இருக்கிறேன்.

விற்குமா என்று கேட்டால் தெரியாது. ஸ்டீமில் ஒரு விளையாட்டை வெளியிட 100 டாலர் கட்டணம், விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. மீதியில்தான் எங்கள் கணக்கு. மனைவி தீபாவளித் தேதியை மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் போனால் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டில் மில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் ஹெட்செட் கேட்டால், மெட்டாவில் பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு மேல் 12 வரை பெற்றோர் பார்த்துக்கொள்ளும் கணக்கு வேண்டும். சூப்பர்ஹாட் முழுக்கச் சுடுகிற விளையாட்டு, சின்னவர்களுக்கு வேண்டாம். என்னுடையதில் யாரும் சாவதில்லை. இழைதான் அறும்.