மூன்று அம்மன் தரிசனமும் ஒரு பருக்கைப் பிரசாதமும்

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கடலை வலப்புறம் கொண்டு வடக்கே சென்றால் திருவொற்றியூர். வெள்ளிக்கிழமையோடு கூடிய பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது இப்பகுதி அடியார்களின் மரபு.

பகலெல்லாம் விரதமிருந்து, இரவில் நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலோடு நிறைவு செய்வோரும் உண்டு. பித்தப்பையை அறுவை சிகிச்சையால் அகற்றிக்கொண்ட முதியோர்க்கு இது ஒவ்வாது போகலாம். கல்லீரல் பித்தநீரை வழக்கம்போல் சுரக்கிறது. ஆனால் அதைச் சேமித்து, கொழுப்பு வரும் வேளையில் மொத்தமாக அனுப்பும் பை இல்லை. பித்தநீர் சிறுகச் சிறுகக் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் நெய்யும் வடையும் மிகுந்தால் உப்புசமும் வயிற்றுப்போக்கும் நேரலாம்.

அத்தகையோர் காலையில் இரண்டு இட்லி உண்டு புறப்படலாம். இடையிடையே நீர்மோர், வாழைப்பழம் கொள்ளலாம். சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோர்க்கு உடல் பழகிவிடும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, கடும் வலி கண்டால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

சன்னிதியில் பெற்ற பொங்கலில் ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி உண்டு, மீதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு பருக்கையிலும் அன்னையின் அருள் முழுமையாகவே இருக்கிறது.