இறம்பொடை ஏற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையைப் பற்றி எழுதுவோர் தேயிலைத் தோட்டங்களையும் நீர்வீழ்ச்சிகளையும் வருணிப்பது வழக்கம். நாமும் அவற்றைக் கண்டு களித்தோம், மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பாதைக்கு வேறொரு குணமும் உண்டு. பழைய மோட்டார் வண்டியின் உள்ளே மறைந்து கிடக்கும் நோயை வெளிக்கொணர்வதில் அதற்கு நிகரான வைத்தியர் அரிது. சமதரையில் ஒரு மாதம் ஓட்டியும் தலைகாட்டாத குறை, புசல்லாவைக்கு மேல் அரை மணி நேரத்தில் அம்பலமாகிவிடும்.

2023 செப்ரெம்பர் மாதத்தில் நாம் சென்ற வண்டி, நண்பரொருவரின் தந்தையார் 1959இல் வாங்கிய மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட எத்தனையோ வண்டிகளுள் இதுவும் ஒன்று. அத்தனையும் தாங்கிய இயந்திரம் சில வாரங்களாக ஏற்றங்களில் விக்கத் தொடங்கியிருந்தது. "இதைக் கழற்றிப்போட்டு ஜப்பான் எஞ்சினைப் பூட்டுவம், அப்பா" என்று நண்பரின் மகன் கண்டியில் ஒரு கராச்சில் விலையும் பேசிவிட்டார். அவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகள் நாட்டில் பல உள்ளன. உடல் மொறிஸ், உயிர் ஜப்பான். நண்பருக்கு அதில் மனமில்லை. நுவரெலியா வரை ஏறிவிட்டால் பழைய இயந்திரம் இருக்கட்டும், ஏறாவிட்டால் மாற்றிவிடுவது என்று தந்தையும் மகனும் உடன்பட்டனர். நாம் சாட்சியாகப் போனோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேராதனையில் மகாவலியைக் கடந்து, 14ஆம் நூற்றாண்டில் தலைநகராக விளங்கிய கம்பளையை அடையும் வரை வண்டி ஒரு குறையுமின்றி ஓடியது. நகர்ச் சந்தடியைத் தாண்டியதும் பாதை மெல்ல மெல்ல உயர்கிறது. புசல்லாவைக்கு அப்பால், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் விரியும் ஒரு வளைவில் முதல் விக்கல் கேட்டது. அடுத்து இரண்டு. பின்னர் வண்டி இருமியிருமி ஓரத்தில் நின்றது.

விக்கும் இயந்திரத்திடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: குறைவது எரிபொருளா, நெருப்பா? ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றைக் கலந்து கொடுப்பது காபரேற்றரின் வேலை. அந்தக் கலவையை உரிய கணத்தில் பற்றவைப்பது மின்பொறியின் வேலை. இரண்டில் எது தவறினாலும் வெளியே கேட்பது அதே விக்கல்தான். இதனாலேயே பழியெல்லாம் காபரேற்றரின் தலையில் விழுகிறது. அன்றும் அப்படியே நடந்தது. எம்மைக் கண்டு நிறுத்திய லொறிச் சாரதியொருவர், "காபரேற்றர் அடைச்சிருக்கும், கழட்டி ஊதுங்க ஐயா" என்று கூறிச் சென்றார். நல்ல மனிதர், ஆனால் வீதியோரத்தில் காபரேற்றரைக் கழற்றுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. புல்லுக்குள் விழுந்த சிறு திருகாணியை யார் தேடுவது?

நண்பர் அவசரப்படவில்லை. முதலில் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்தார். மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. 'டிக் டிக்' என்று பேசும். சில முறை அடித்து ஓய்ந்தால் காபரேற்றர் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓயாமல் படபடவென்று அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. மௌனம் சாதித்தால் பம்பே பழுது. அன்று நாலு அடி அடித்து முறைப்படி ஓய்ந்தது.

அடுத்துத் தாங்கியின் மூடியைத் திறந்தார். மூடியில் உள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வர மறுக்கும். திறக்கும்போது 'உஸ்' என்ற ஒலி கேட்கும். ஒலியொன்றும் இல்லை. சற்று ஆறியபின் வண்டி மறுபடியும் ஓடிற்று. விக்கல் திரும்பியதும் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்தார். பெற்றோல் போதாமையால் விக்கினால் சோக்கை இழுத்ததும் ஓட்டம் சீராகும். இங்கோ விக்கல் குறையவில்லை. பின்னால் கரும்புகைதான் கிளம்பிற்று. ஆகவே எரிபொருளின்மீது ஐயம் நீங்கியது எனலாம். சூடேறினால் நோய், ஆறினால் சுகம் என்பது மட்டும் உறுதியாயிற்று.

இப்படி நின்றும் நடந்தும் தவலந்தென்னையைக் கடந்து இறம்பொடை வந்து சேர்ந்தோம். அனுமன் கோயிலிலிருந்து மணியோசை மிதந்து வந்தது. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியின் சாரல் காற்றில் கலந்து முகத்தில் பட்டது. ஆனால் நண்பரின் பார்வை அருவியில் இல்லை. கடினமான ஏற்றம் இனிமேல்தான்.

அங்கே தகரக் கூரையின் கீழ் ஒரு சிறு கராச்சு. அதிலிருந்த முதியவரை ஊரார் 'பாஸ்' என்றே அழைத்தனர். நண்பர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் தலையசைத்துக் கேட்டார். பின்னர் டிஸ்ரிபியூட்டரின் மூடியையும் றோட்டரையும் எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பச் சொல்லி, திருகாணி முறுக்கியின் நுனியால் பொயின்ற்றை மெல்லத் திறந்து காட்டினார். பொயின்ற்றின் இடையே நீல ஒளி பளிச்சென்று தாவியது. கொயிலிலிருந்து வரும் தடித்த கம்பியின் நுனியிலோ மெலிந்த மஞ்சட் பொறி.

"பாத்தீங்களா ஐயா? பெற்றோல் நல்லாத்தான் வருது. பத்தவைக்கிற நெருப்புத்தான் இங்கயே செத்துப்போகுது. கண்டென்சர் போயிருச்சு."

பெருவிரலளவேயுள்ள அந்த உருளைதான் பொயின்ற் திறக்கும்போது மின்சாரம் அங்கே தாவி வீணாகாமல் தடுப்பது. பழுதடையத் தொடங்கிய கண்டென்சர் குளிரில் ஒழுங்காக வேலை செய்யும், சூடேறினால் கைவிடும். சமதரையில் மெலிந்த பொறியும் போதும். ஏற்றத்தில் மிதியை அழுத்தும்போது உருளைகளுக்குள் அமுக்கம் கூடுகிறது. அங்கே அது பற்றாது.

"பாஸ், இது இரண்டு மாதத்துக்கு முந்தித்தான் புதுசாப் போட்டது" என்றார் நண்பர், ஆற்றாமையோடு.

"பழசு எங்க, ஐயா?"

பழையது டிக்கியில், தந்தையார் காலத்துப் பிஸ்கற் தகரத்தினுள், கடதாசியில் சுற்றப்பட்டுக் கிடந்தது. கால் மணி நேரத்தில் பாஸ் அதைப் பூட்டிப் பொயின்ற்றையும் தீட்டிவிட்டார். கூலியாக அவர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

அதன்பின் வண்டி ஏறியது ஏறியதுதான். சுரங்கப்பாதையைத் தாண்டி, ஊசிமுனை வளைவுகளில் இரண்டாம் கியரில் முனகியபடி, ஒரு முறையேனும் விக்காமல் லபுக்கலை வரை போயிற்று. தேயிலைப் புதர்களை மூடுபனி சூழ்ந்துகொண்டிருந்தது. தேநீருக்காக நிறுத்தியபோது, நின்றநிலையில் இயந்திரம் தடுமாறுவதைக் கேட்டு எமக்குப் பகீரென்றது. நண்பர் புன்னகைத்தார். இது நோயன்று, உயரத்தின் வேலை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்று மெலியும் அளவுக்குக் காபரேற்றர் பெற்றோலைக் குறைப்பதில்லை. ஆகவே கலவை தடித்துவிடுகிறது.

இந்த வண்டியின் எஸ்.யு. காபரேற்றரில் அதனைச் சோதிப்பது எளிது. (இதனைக் கண்டுபிடித்தவர் சப்பாத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர், முதலில் உள்ளே தோலாலான துருத்தியே இருந்ததாம்!) அதன் பிஸ்ரனை நூலளவு உயர்த்தினால் உள்ளே காற்று மிகும். இயந்திரம் அப்போது வேகம் கூடி நிலைத்தால் கலவை தடிப்பு. தள்ளாடி நிற்க முயன்றால் மெலிவு. அன்று வேகம் கூடியது. நண்பர் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு முகம் மட்டும் மேல்நோக்கித் திருப்பினார். தடுமாற்றம் அடங்கிற்று.

நுவரெலியாவை அடையும்போது மாலை ஐந்து மணி. தபாலகக் கட்டடத்தின் செந்நிறம் பனிக்குள் மங்கித் தெரிந்தது. நண்பர் வண்டியிலிருந்து இறங்காமலே மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். "ஏறிட்டுது தம்பி. கராச்காரரிட்டச் சொல்லிவிடு" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னர் பொனற்றைத் திறந்து, அதன் உட்புறத்தில் வெண்கட்டியால் எழுதி வைத்தார்: 'கம்பளையில் நட்டு ஒரு முகம் கீழே.' இறங்கிச் செல்லும்போது காற்று மறுபடியும் தடிக்கும் அல்லவா?